போரில் சிக்கிய பெண்களின் மனநிலையை ஆராயும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போரில் பாதிக்கப்பட்ட பெண்களிடம் மனநலக் கணக்கெடுப்பு நடத்தப் புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். நாங்கள் தொடக்கத்தில் செய்த தவறுகளையே இவர்களும் செய்கிறார்கள். சம்மதம் வாங்காமல் கேட்பது, பெயரை வெளியில் சொல்வது போன்றவை கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

போரை மட்டும் எண்ணுவது

இதைப் பார்த்தால் இன்றும் கோபம் வருகிறது. கேள்வித்தாளில் ஒரு பட்டியல் இருக்கும்: குண்டுவீச்சைப் பார்த்தீர்களா, உறவினரைப் பறிகொடுத்தீர்களா, பட்டினி கிடந்தீர்களா. வரிசையாக டிக் போட்டு, எத்தனை டிக்கோ அவ்வளவு பாதிப்பு என்று முடித்துவிடுகிறார்கள். பட்டியல் பொய்யில்லை. பட்ட கொடுமைகள் கூடக்கூட பிடிஎஸ்டி (PTSD, கொடுமையான அனுபவத்துக்குப் பின் வரும் மனநலக் கோளாறு) வரும் வாய்ப்பும் கூடுகிறது. சித்திரவதைக்கு அதில் பெரிய பங்கு. ஆனால் ஒரே பதுங்குகுழியிலிருந்து உயிர் தப்பிய இருவரில் ஒருவர் தேறிவிடுகிறார், இன்னொருவருக்கு ஆண்டுக்கணக்கில் தூக்கமில்லை. ஏன் என்று அந்தப் பட்டியலிடம் கேட்டுப் பயனில்லை.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். ஆதரவாகப் பேச ஆள் இருந்ததா, வாழ்க்கையில் மேலும் அடி விழுந்ததா என்ற இரண்டுக்கும் பெரிய பங்கு உண்டு என்று 2000-இல் உளவியலாளர் கிறிஸ் பிரூவின் குழு பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டிவிட்டது. இருந்தும் கேள்வித்தாளில் அதற்கு ஒரு பக்கம்கூட ஒதுக்குவதில்லை.

ஒரு முகாமில் பயிற்சிக்கு வந்த ஒருவர் ஒரு பெண்ணைப் பற்றி எழுதி வந்த குறிப்பு: ‘சுவரில் சாய்ந்து வாசலைப் பார்த்தே உட்காருகிறார். சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுகிறார். இரவில் தூங்குவதில்லை.’ அதிவிழிப்பு, அதாவது எப்போதும் ஆபத்தை எதிர்பார்த்து உஷாராகவே இருக்கும் நோய் அறிகுறி, என்று மதிப்பெண் போட்டு மூச்சுப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார். நான் மறுபடி போய், ராத்திரி எப்படிப் போகிறது என்று மட்டும் கேட்டேன். கதவென்று இருந்தது ஒரு தகரம். தாழ்ப்பாள் கிடையாது, கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தார். அந்தத் தகரத்தை இரவில் எவனோ வந்து இழுத்துப் பார்த்திருக்கிறான். விழித்திருந்ததால்தான் தப்பித்திருக்கிறார். அவருக்கு முதலில் வேண்டியிருந்தது ஒரு தாழ்ப்பாளும் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு விளக்கும். ஆபத்து நீங்கிய பிறகும் பயம் நீங்காமல் இருப்பதைத்தான் பிடிஎஸ்டி என்கிறோம். ஆபத்து இன்னும் வாசலிலேயே நின்றால் அந்தப் பயத்தை நோய் என்று எழுதுவது அநியாயம்.

அதனால் இருப்பிடம், கடன், வீட்டுக்குள் விழும் அடி, பிள்ளைகளின் சாப்பாடு, விதவை என்று ஒதுக்கும் உறவு எல்லாவற்றையும் கேளுங்கள். போர்ப் பட்டியலுக்கு முன்பே கேளுங்கள்.

காணாமல் போனவரை ‘இறந்தவர்’ கட்டத்தில் எழுதுவது

திரும்பி வருவார் என்று காத்திருப்பவரின் துயரம் வேறு. மரணச் சான்றிதழ் வாங்கினால் தானே அவரைக் கொன்றதுபோல் உறுத்தும்; வாங்காவிட்டால் நிவாரணமும் சொத்துரிமையும் இழுபடும். இதற்குத் தனிக் கட்டம் வேண்டும்.

‘பெண்கள் மென்மையானவர்கள்’ என்று விளக்கம் எழுதுவது

பெண்களிடம் பிடிஎஸ்டி ஆண்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்வது உண்மை. பாலியல் வன்முறையும் அதை வெளியே சொல்ல முடியாத நிலையும் யார் தலையில் விழுகின்றன என்று பார்க்காமல் சுபாவத்தின்மேல் பழி போடாதீர்கள்.

மாமியார் பக்கத்தில் இருக்கும்போது பாலியல் வன்முறை பற்றிக் கேட்பது

கூடவே கூடாது.

ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்ட வைப்பது

அழுதால் பாரம் இறங்கும் என்று நம்பிச் செய்கிறார்கள். சம்பவம் நடந்த கையோடு இப்படிக் கிளறுவதை உலக சுகாதார நிறுவனமே வேண்டாம் என்கிறது.

பிடிஎஸ்டியை மட்டும் தேடுவது

யாழ்ப்பாண மாவட்டத்தில் 2009-இல் நடத்திய கணக்கெடுப்பில் பிடிஎஸ்டி அறிகுறிகள் இருந்தவர்கள் 7 சதவீதம். மனச்சோர்வு 22 சதவீதத்துக்கு மேல், பதற்றம் 32 சதவீதத்துக்கு மேல். ஒன்றை மட்டும் தேடிப் போயிருந்தால் மீதிப் பேரை ‘நலம்’ என்று எழுதிவிட்டு வந்திருப்பார்கள். தலைவலி, நெஞ்சடைப்பு என்று மாத்திரைக்கு வரிசையில் நிற்கிறவர்களிடமும் உட்கார்ந்து பேசுங்கள்.