மலைச் சரிவில் ஒரு சிறு சுவர்: கல், செங்கல், சாந்து குறித்து முதன்முறை கட்டுவோருக்கான செய்முறை விளக்கம்

கோத்தகிரிப் பக்கம் வீட்டின் பின்புறம் விறகும் மண்வெட்டியும் உரமூட்டையும் வைப்பதற்கென்று ஒரு சிறு அறை கட்டிக்கொள்ள நினைப்பவர்கள் பலர். 10 அடிக்கு 8 அடி வெளி அளவில், தரைக்கு மேல் 2 அடி உயரம் கருங்கல் பேஸ்மெண்ட், அதன்மேல் 7 அடி உயரத்துக்கு 9 அங்குலச் செங்கல் சுவர், மேலே தகரக் கூரை என்ற அளவிலான அறையையே இந்த விளக்கத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். இதைக் கட்டி முடிப்பதற்குள் கல், செங்கல், சாந்து ஆகிய மூன்றின் குணமும் கைக்குப் பழகிவிடும். மாடி வீட்டுக்கோ, 4 அடிக்கு மேல் மண்ணைத் தாங்கி நிற்க வேண்டிய தடுப்புச் சுவருக்கோ இந்த விளக்கம் போதாது. அவற்றுக்குப் பொறியாளர் ஒருவரின் வரைபடம் கட்டாயம் வேண்டும்.

தொடங்குமுன் ஒரு கணக்கு. சாதாரணச் சுட்ட செங்கல்லுக்கு இந்தியத் தர நிர்ணயம் கேட்கும் குறைந்தபட்ச நசுக்கு வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டன். நம்முடைய 7 அடிச் சுவரின் அடிவரிசைச் செங்கல்மீது அதன் மேலுள்ள சுவரின் எடை முழுவதும் இறங்கினாலும், அந்த அழுத்தம் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 0.04 நியூட்டன்தான், அதாவது அந்தக் கல் தாங்கக்கூடியதில் எண்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே இந்த அளவுச் சுவர் எடை தாங்காமல் நசுங்கி விழுவதில்லை. மலையில் சுவரைக் கெடுப்பது தண்ணீர். எந்த இடத்தில் எந்தப் பொருளை வைப்பது, சாந்தை எந்த விகிதத்தில் கலப்பது என்பவற்றையெல்லாம் தண்ணீரை மனத்தில் வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

படி 1: இடமும் வாணமும்

நீலகிரியில் மழை ஒரே மாதிரி பெய்வதில்லை. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் கொட்டுகிறது. கிழக்குச் சரிவிலுள்ள கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் ஐப்பசி, கார்த்திகையின் வடகிழக்குப் பருவமே பெருமழைக் காலம். 2009 நவம்பரில் இந்தச் சரிவுகளில் நேர்ந்த மண்சரிவுகளைப் பார்த்தவர்களுக்கு, செங்குத்தாக வெட்டிய மண் மேட்டை ஒட்டிக் கட்டக்கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் உள்ளாட்சி அலுவலகத்தில் அனுமதி பெறுங்கள். மண்ணை இயந்திரத்தால் வெட்டுவதற்கு மாவட்ட நிர்வாகத்தின் தனி அனுமதி தேவை; இந்தச் சிறு வேலைக்கு மண்வெட்டியும் கடப்பாரையும் போதும்.

வாணம், அதாவது அடித்தளத்துக்கு வெட்டும் குழி, 2 அடி அகலமும், கெட்டி மண் தட்டும்வரை, குறைந்தது இரண்டரை அடி ஆழமும் இருக்கட்டும். தரை சரிந்திருந்தாலும் வாணத்தின் அடி ஒருபோதும் சரிவாக இருக்கக்கூடாது. படிக்கட்டு வெட்டுவதுபோல் தட்டுத் தட்டாக, ஒவ்வொரு தட்டும் ரசமட்டத்துக்குச் சரியாக நிற்கும்படி வெட்ட வேண்டும். அடியில் 1 பங்கு சிமென்ட், 4 பங்கு மணல், 8 பங்கு ஜல்லி என்ற விகிதத்தில் 6 அங்குலக் கான்கிரீட் போடுங்கள். இதே நாளில் அறையின் மேட்டுப்புறம் ஒரு முழ ஆழத்துக்கு வடிகால் ஒன்றையும் வெட்டிவிடுவது நல்லது, ஏனென்றால் பிறகு வெட்டலாம் என்று விட்ட வடிகாலை யாரும் வெட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

படி 2: கருங்கல்லைத் தேர்ந்தெடுத்தல்

நம் மலையின் பாறை பெரும்பாலும் சார்னோக்கைட் என்னும் இனத்தைச் சேர்ந்தது. கொத்தனார்களுக்கு அது வெறும் கருங்கல். அதன் வலிமை பொதுவாகச் சதுர மில்லிமீட்டருக்கு 100 நியூட்டனைத் தாண்டும் என்பதைவிட, அது தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை என்பதுதான் நமக்கு முக்கியம். மண்ணோடு ஒட்டி, ஆண்டில் பாதி நாள் ஈரத்திலேயே கிடக்க வேண்டிய பேஸ்மெண்டுக்குக் கருங்கல்லை வைப்பதன் காரணம் அதுவே.

வண்டியில் வந்திறங்கும் கல்லெல்லாம் ஒன்றல்ல. சுத்தியலால் தட்டினால் நல்ல கல் கணீரென்று ஒலிக்கும். மந்தமாக ஒலிப்பது உள்ளே விரிசலோ சிதைவோ உள்ள கல். பழுப்பேறிய தோல் தடித்து, நகத்தால் சுரண்டினாலே பொடியும் கல்லை ஒதுக்கிவிடுங்கள். ஐயமிருந்தால் சிறு துண்டொன்றை நன்கு உலர்த்தி எடைபோட்டு, 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து, துடைத்து மீண்டும் எடைபோடுங்கள். கட்டடக் கல்லில் எடை 5 சதவீதத்துக்கு மேல் கூடக்கூடாது. நல்ல கருங்கல்லில் 1 சதவீதம்கூடக் கூடாது.

கூடலூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் பக்கம் கேரளத்திலிருந்து வரும் வெட்டுக்கல், வெட்டும்போது மெத்தென்றிருந்து காற்றுப்பட இறுகும் இயல்புடையது. அது சுவருக்கு நல்ல கல்தான். ஆனால் துளைகள் நிறைந்தது என்பதால் தரைக்குக் கீழே அதை வைக்க நான் சொல்லமாட்டேன்.

படி 3: செங்கல்லைச் சோதித்தல்

செங்கல் நமக்கு மேட்டுப்பாளையம் வழியாக மலையேறி வருகிறது. கீழே வாங்கும் விலையோடு ஏற்றுகூலி சேர்வதால், உடைந்த கல்லும் வேகாத கல்லும் இங்கே இரட்டிப்பு நட்டம். இரண்டு கற்களை ஒன்றோடொன்று தட்டினால் மணி ஒலி கேட்க வேண்டும். நகத்தால் கீறினால் தடம் விழக்கூடாது. இடுப்பளவு உயரத்திலிருந்து கெட்டி மண்மீது தட்டையாகப் போட்டால் உடையக்கூடாது. 24 மணி நேரம் ஊறியபின் எடை 20 சதவீதத்துக்கு மேல் கூடக்கூடாது. ஊறிய கல்லை நிழலில் உலரவிட்டால் வெள்ளை உப்புப் பூக்கிறதா என்று பாருங்கள். அப்படிப் பூத்தால் அந்தச் சூளையின் மண்ணில் உப்பு இருக்கிறது, அது உங்கள் சுவரில் ஒவ்வொரு மழைக்குப் பின்னும் பூக்கும்.

எண்ணிக்கைக் கணக்கு எளிது. சுவரின் நடுக்கோட்டுச் சுற்றளவு 33 அடி, கனம் முக்கால் அடி, உயரம் 7 அடி; பெருக்கினால் ஏறக்குறைய 173 கன அடி. கதவுக்கும் சிறு சன்னலுக்கும் கழித்தால் 157 கன அடி. 9 அங்குல நாட்டுச் செங்கல் கன அடிக்கு 14 பிடிக்கும் என்று வைத்தால் 2,200; உடைசலுக்குச் சேர்த்து 2,300 கல் சொல்லி வைக்கலாம்.

படி 4: மணலும் சாந்தும்

முதன்முறை கட்டுவோர் அதிகம் தவறுவது இங்கேதான் என்பதால் சற்று நின்று சொல்கிறேன்.

ஆற்று மணலோ எம்-சாண்டோ, எதுவானாலும் கண்ணாடிப் புட்டியில் பாதியளவு போட்டு, நீர் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்பிட்டுக் குலுக்கி, மூன்று மணி நேரம் அசையாமல் வையுங்கள். மேலே படியும் வண்டலின் உயரம் மணலின் உயரத்தில் 8 சதவீதத்தைத் தாண்டினால் அந்த மணலைக் கழுவ வேண்டும், அல்லது திருப்பியனுப்ப வேண்டும்.

அடுத்தது மலைக்கே உரிய சிக்கல். ஈர மணல் உப்பும். மணல் துகள்களைச் சுற்றி மெல்லிய நீர்ப்படலம் சூழும்போது அவை ஒன்றையொன்று தள்ளி நிற்பதால், மூடுபனியில் நனைந்த மணல் உலர்ந்த மணலைவிட 25 சதவீதம்வரை கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே பெட்டியால் 6 அளந்து போட்டாலும் உண்மையில் உள்ளே விழுவது 5 பெட்டிக்கும் குறைவான மணலே. இதைச் சரிபார்க்க, ஒரு வாளியில் ஈர மணலை நிரப்பி உயரத்தைக் குறித்துக்கொண்டு, அதையே வேறு வாளியில் நீர் நிறைய விட்டுக் கிளறிப் படியவிடுங்கள். எவ்வளவு இறங்குகிறதோ அதற்கேற்ப மணலைக் கூட்டிப் போட வேண்டும். அல்லது நேற்றிரவே தார்ப்பாய் போட்டு மூடியிருக்க வேண்டும்.

50 கிலோ சிமென்ட் மூட்டையின் கொள்ளளவு 35 லிட்டர். 35 சென்டிமீட்டர் நீளம், 25 அகலம், 40 உயரம் கொண்ட மரப்பெட்டி ஒன்று செய்துகொண்டால் மூட்டைக்கு ஒரு பெட்டி என்று அளவு சரியாக வரும். சாந்து அள்ளும் சட்டியான பாண்டைக் கொண்டு அளக்கும் கணக்கு வேண்டாம். அள்ளுகிறவர் கையைப் பொறுத்து அது மாறும்.

விகிதம்: 9 அங்குலச் செங்கல் சுவருக்கும் கருங்கல் கட்டுக்கும் 1 சிமென்டுக்கு 6 மணல் போதும். நாலரை அங்குலச் சுவரானால் 1க்கு 4. 'நமக்கு மழைப் பிரதேசம், சிமென்டைக் கூட்டிப் போடுங்கள்' என்று வீட்டுக்காரர் சொல்வதும், கொத்தனார் தலையாட்டுவதும் வழக்கம். இதை நான் ஏற்பதில்லை. சிமென்ட் கூடிய சாந்து உலரும்போது அதிகம் சுருங்கி, கல்லோரமாக மயிரிழை விரிசல்களை உண்டாக்குகிறது. அந்த விரிசல் வழியே மழைநீர் உள்ளே போகும். ஆனால் இறுகிய சாந்து வழியே வெளியே வர முடியாமல் செங்கல் வழியே வந்து, அதன் முகத்தை ஆண்டுக்காண்டு உதிர்க்கும். சாந்து எப்போதும் கல்லைவிட மெலிந்ததாக இருக்கட்டும். அசைவு நேர்ந்தால் விரிசல் கற்களுக்கிடையே சாந்து நிரம்பிய சந்தில் விழும், சந்தைச் சுரண்டி மீண்டும் பூசிக்கொள்ளலாம்.

உதகையில் சல்லிவன் 1822ஆம் ஆண்டு கட்டத் தொடங்கிய கல் பங்களாவை, இன்றைய அரசு கலைக் கல்லூரி வளாகத்தில், பார்த்திருப்பீர்கள். போர்ட்லேண்ட் சிமென்டுக்குக் காப்புரிமை பெறப்பட்டதே 1824இல்தான் என்பதால், முதலில் எழுந்த அந்தச் சுவர்களில் அது இருந்திருக்க வழியில்லை. சிமென்டுக்கு முன் புழங்கிய சுண்ணாம்புச் சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல இறுகுவது. ஈரத்தை உள்வாங்கி வெளிவிடுவது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் அதை அரைத்த காலம் போய்விட்டாலும், 1 சிமென்ட், 1 சுண்ணாம்பு, 6 மணல் என்ற கலவை இன்றும் மலைக்கு மிகப் பொருத்தமானது. பழைய சுண்ணாம்புச் சுவரை ஒக்கிடும்போது வெறும் சிமென்ட் சாந்தை மட்டும் பூசாதீர்கள்.

நீர் விட்டுப் பிசைந்த சாந்தை அரை மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். இறுகத் தொடங்கியதை மீண்டும் நீர்விட்டுக் குழைத்தால் குழையும், பிடிக்காது.

படி 5: கல் கட்டு

சுவரின் கனம் 18 அங்குலம். முதலில் மூலைகளில் பெரிய, சதுரம் தட்டிய கற்களை வைத்து, நூல் கட்டி, இடைவெளியை நிரப்புங்கள். ஒவ்வொரு கல்லையும் அதன் அகன்ற முகம் கீழே வரும்படி படுக்கவையுங்கள்; அழகுக்காக நிறுத்தி வைத்த கல் வெளியே தள்ளும். மேல்வரிசைச் சந்து கீழ்வரிசைச் சந்தின்மேல் நேராக வரக்கூடாது.

மிக முக்கியமானது குறுக்குக் கல். சுவரின் முழுக் கனத்துக்கும் நீளும் கல் ஒன்று ஒவ்வொரு வரிசையிலும் 5 அடிக்கு ஒன்றாவது வர வேண்டும், அதுவும் கீழ்வரிசைக் குறுக்குக் கல்லுக்கு நேர்மேலே வராமல் மாறி வர வேண்டும். என்னுடைய முதல் சுவரில் இரு முகங்களையும் அழகாக எழுப்பி, நடுவில் சில்லுகளைக் கொட்டி, மேலே சாந்தை ஊற்றினேன். இரண்டாம் மழைக்கு வெளிமுகம் வயிறு தள்ளி நின்றது. பிரித்துப் பார்த்தபோது ஒரு குறுக்குக் கல்கூட இல்லாமல் இரண்டு தனிச் சுவர்களாக அது நின்றிருந்தது தெரிந்தது. நடுவில் சில்லு வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு சில்லும் சாந்தில் பதிந்து, சுத்தியலால் தட்டி இறுக்கப்பட வேண்டும்.

நாளொன்றுக்கு 2 அடி உயரத்துக்கு மேல் எழுப்ப வேண்டாம். கருங்கல் நீரை உறிஞ்சாததால் சாந்து மெதுவாகவே இறுகும். குளிரில் இன்னும் மெதுவாக.

படி 6: ஈரத்தடுப்பு

பேஸ்மெண்டின் தலையை மட்டம் செய்து, அதன்மேல் 1க்கு 2க்கு 4 கான்கிரீட்டை நீர்த்தடுப்புத் தூள் கலந்து ஒன்றரை அங்குலம் போட வேண்டும். கொத்தனார்கள் டி.பி.சி. என்பார்கள். கல் வழியே ஈரம் ஏறாவிட்டாலும் கல்லுக்கிடையிலுள்ள சாந்து வழியே ஏறும்; அதை இங்கே நிறுத்தாவிட்டால் செங்கல் குடித்துக்கொண்டே இருக்கும்.

படி 7: செங்கல் வரிசை

செங்கல்லைத் தொட்டியில் குமிழி அடங்கும்வரை ஊறவைத்து, மேல்நீர் வடிந்தபின் வையுங்கள். உலர்ந்த கல் சாந்தின் நீரைக் குடித்துவிடும். சொட்டச் சொட்ட ஈரமான கல் சாந்தில் வழுக்கும். முதல் வரிசையைச் சாந்தில்லாமல் அடுக்கிப் பார்த்து, சந்துகளைச் சரிசெய்துகொள்ளுங்கள். ஒரு வரிசையில் கல்லின் நீளம் வெளித்தெரியும்படியும், அடுத்த வரிசையில் தலை வெளித்தெரியும்படியும் மாற்றி மாற்றி வைத்து, தலை வரிசையில் மூலைக்கல்லை அடுத்து நீளவாக்கில் பிளந்த கல் ஒன்றைச் சேர்த்தால் சந்துகள் தாமாகவே விலகி நிற்கும். கல்லில் பள்ளம் இருந்தால் அது மேல்நோக்கி இருக்கட்டும். சந்து 10 மில்லிமீட்டர். நான்கு வரிசைக்கு ஒருமுறை தூக்குக்குண்டு பிடித்துப் பாருங்கள். ஒரு நாளில் 1 மீட்டருக்கு மேல் எழுப்பாதீர்கள். வேலையை நிறுத்தும் இடத்தில் சுவரைப் படிப்படியாக இறக்கி விட்டால் மறுநாள் கட்டு நன்றாகப் பிணையும்.

மாலையில் சாந்து இறுகுமுன் சந்துகளை 10 முதல் 12 மில்லிமீட்டர் ஆழம் சுரண்டி விடுங்கள். பிறகு சந்துகளில் மட்டும் பூசப்போகும் மேல்சாந்தான பாயிண்டிங் அதைப் பற்றிக்கொள்ளும்.

படி 8: பனியும் நீராட்டும்

மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் தாழ்நிலங்களில், உதகையைச் சுற்றி முக்கியமாக, சுவர் வேலையைத் தள்ளிப்போடுவதே நல்லது. நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருகும்; பச்சைச் சாந்துக்குள் அது நடந்தால் பொடிந்துதான் போகும். தவிர்க்க முடியாவிட்டால், நண்பகலுக்குள் கட்டி முடித்து, மாலையில் உலர்ந்த சாக்குகளாலும் தார்ப்பாயாலும் மூடுங்கள். நீராட்டல், அதாவது கட்டிய சுவரை நீர் தெளித்து ஈரமாக வைத்திருப்பது, குறைந்தது 7 நாள், குளிர்காலத்தில் 10 நாள். சமவெளிக் கொத்தனார் பழக்கத்தில் மாலை நீர் தெளிப்பார். பனிக்காலத்தில் காலை பத்து மணிக்கு மேல் தெளிக்கச் சொல்லுங்கள்.

இரு வாரம் கழித்துச் சந்துகளுக்கு 1க்கு 3 கலவையில் பாயிண்டிங் செய்யலாம். சந்து சுவர்முகத்துக்குச் சற்று உள்ளே அமுங்கியும், அதன் கீழ்விளிம்பு நீர் வடியும்படியும் இருக்கட்டும். முதல் ஐப்பசி மழை முடிந்ததும் மேட்டுப்புற வடிகாலில் சேர்ந்திருக்கும் சவுக்கு, தைல மர இலைகளை வாரியெடுத்துவிட்டு, பேஸ்மெண்டின் உட்புறத்தை உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். சில்லென்று நனைந்திருக்கும் இடத்துக்கு நேரெதிரே, வெளியே, வடிகால் எங்கோ அடைத்திருக்கும்.