கோடேற்று இலை: காம்பை விட்டால் எல்லாம் பிழையாகும்

கிளிநொச்சியில் உயிரியல் படிக்கிற பிள்ளையளின் கொப்பிகளைத் திருத்தும்போது ஒரு பிழை அடிக்கடி கண்ணில் படும். ‘கோடேற்று’ இலை எது என்று கேட்டால், முதுகுநாணைப் பற்றி எழுதி வைத்திருப்பார்கள். பிள்ளையளைக் குறைசொல்ல முடியாது. விலங்கியலில் வரும் கோடேற்றா, அதாவது முதுகுநாண் உள்ள விலங்குகளின் கூட்டம், நாண் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லில் பிறந்தது. இலைக்குச் சொல்கிற கோடேற்று இலத்தீனின் ‘கோர்’, அதாவது இதயம். ஆங்கிலத்தில் (chordate, cordate) ஒரு ‘எச்’ இரண்டையும் பிரித்துக் காட்டும். தமிழில் எழுதினால் அதுவும் போய்விடும். ‘இதயவுரு’ என்று எழுதிவிட்டால் தொல்லையில்லை.

அடுத்தது வடிவம். இதயம் போலத் தெரிவதெல்லாம் கோடேற்று ஆகாது. வெற்றிலைத் தட்டில் காம்பு கிள்ளாத ஒன்றை எடுத்துப் பாருங்கோ: காம்பு சேருகிற இடத்தில் உள்நோக்கி வளைந்து, இரண்டு பக்கமும் தோள் புடைத்து, மறுமுனை கூராகி முடியும். இதுதான் கணக்கு. பூச்சாடியில் தானாக முளைக்கிற புளியாரையின் சிற்றிலையோ நேர்மாறு. பிளவு நுனியில், காம்பு கூர்ப்பக்கத்தில். அது தலைகீழ் இதயவுரு, ஒப்கோடேற்று. சம்பலுக்குக் கிள்ளுகிற வல்லாரையில் வளைவு சரியான இடத்தில்தான் இருக்கிறது; ஆனால் கூர்நுனி இல்லை, ஆகவே சிறுநீரகவுரு.

வேலிப் பூவரசைப் பற்றி வாசிக்கும்போது ‘அடி கோடேற்று’ என்றிருந்தால், அது இலையின் அடிப்பகுதியை மட்டும் சொல்கிறது. முழு இலைக்கும் அதை ஏற்றிவிடக்கூடாது.

சீந்தில், மஞ்சட்கடம்பு இரண்டின் இனப்பெயரும் ‘கோடிபோலியா’தான். இதயவிலை என்று பொருள். நூறு இலட்சத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை!

பழைய இலத்தீன் நூலில் ஒரு மனிதரைக் ‘கோர்டாட்டஸ்’ என்றால் அவருடைய உருவத்தைத் தேடவேண்டாம். அங்கே அது அறிவுள்ளவர் என்று பொருள். ஆங்கிலத்திலும் 17ஆம் நூற்றாண்டில் அப்படி வழங்கியிருக்கிறது. உரோமருக்கு அறிவின் இருப்பிடம் இதயம். நாங்களும் ‘நெஞ்சறியப் பொய் சொல்லாதே’ என்கிறோமே. வடமொழி வழியாக எங்களிடம் வந்த ‘இதயம்’ என்ற சொல்லும் அந்தக் ‘கோர்’ என்பதற்குத் தூரத்துச் சொந்தம்தான்.

சோதனையில் படம் கீறும்போது காம்பையும் சேர்த்துக் கீறுங்கோ. அது இல்லாத படத்தில் வெற்றிலை எது, புளியாரை எது என்று திருத்துகிறவருக்கும் தெரியாது.