எந்த நாட்டில் காப்புரிமை கேட்பது: செலவைக் கணக்கிட்டு முடிவெடுக்கும் முறை

வியாசர்பாடியில் பட்டறை நடத்தும் ஒருவர், காசிமேட்டு விசைப்படகுகளின் பம்புகளில் உப்புநீர் கசியாத புதிய சீல் ஒன்றை உருவாக்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை யாருக்கும் விற்பதற்கோ கண்காட்சியில் வைப்பதற்கோ முன்பே, கிண்டி காப்புரிமை (பேட்டன்ட்) அலுவலகத்தில் அவர் இணையம் வழியாக விண்ணப்பித்துவிட வேண்டும். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் கட்டணம் 1,600 ரூபாய். பிறகு ஆறு வாரம் பொறுத்தோ, அந்த அலுவலகத்தின் முன் அனுமதி பெற்றோதான் வெளிநாட்டில் விண்ணப்பிக்கலாம். மீறினால் இந்திய விண்ணப்பமே கைவிடப்பட்டதாகக் கருதப்படும்.

அடுத்து, இந்திய விண்ணப்பத் தேதியிலிருந்து 12 மாதங்களுக்குள் பிசிடி எனப்படும் பன்னாட்டு விண்ணப்பம். இது காப்புரிமை தருவதில்லை. பெரும்பாலான நாடுகளில், முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து 30 மாதம் வரை நாடுகளைத் தேர்ந்தெடுக்க அவகாசம் தருகிறது. சிறு தொழில்களுக்கு அந்த அவகாசம் பெரிய உதவி என்பது என் உறுதியான கருத்து. விண்ணப்பதாரர் அனைவரும் இந்தியத் தனிநபர்களாக இருந்தால் பன்னாட்டுக் கட்டணத்தில் 90 விழுக்காடு குறையும். நிறுவனத்தின் பெயரில் என்றால் பக்கங்களை எண்ணுங்கள்: 30 பக்கத்துக்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 15 சுவிஸ் பிராங்க் கூடுதல், கண்டுபிடிப்பை விளக்கும் 42 பக்க விவரக்குறிப்பில் ஒரே படத்தைத் திரும்ப விளக்கும் பத்திகளை நீக்கி 30-க்குள் அடக்கினால் 180 பிராங்க் மிச்சம்.

உண்மையான செலவு அதன் பிறகே தொடங்குகிறது. சீனா, ஜப்பான், கொரியா மூன்றுக்கும் தனித்தனி மொழிபெயர்ப்பு வேண்டும். அதற்குச் சொல் கணக்கில் பணம் போகும். அமெரிக்காவில் மொழிபெயர்ப்பு இல்லை, புதுப்பிப்புக் கட்டணமும் மூன்று முறைதான். ஆனால் வழக்கறிஞர் கட்டணம் கனமானது. ஐரோப்பாவில் விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போதே ஆண்டுக் கட்டணம் தொடங்கிவிடும். அங்கே 2023 ஜூன் 1 முதல் ஒரே கட்டணத்தில் பல நாடுகளை உள்ளடக்கும் ஒருங்கிணைந்த காப்புரிமை கிடைக்கிறது. ஆனால் அதில் வேண்டாத நாட்டை மட்டும் கைவிட்டுச் செலவைக் குறைக்க முடியாது. வாடிக்கையாளர் ஜெர்மனியில் மட்டும் இருந்தால் ஜெர்மன் காப்புரிமையே போதும்.

ஆகவே நாடுகளைப் பெருமைக்காகச் சேர்க்காதீர்கள். பொருள் விற்கும் நாட்டில் காப்புரிமை இருந்தால், வேறெங்கோ செய்த நகல் அங்கே இறக்குமதியாவதையும் தடுக்கலாம். எனவே நகல் தயாராகும் நாட்டுக்கான செலவைப் பல சமயம் தவிர்த்துவிடலாம். எஞ்சும் ஒவ்வொரு நாட்டுக்கும் மொழிபெயர்ப்பு, காப்புரிமை அலுவலகப் பரிசோதனை, முகவர் கட்டணம், முதல் ஐந்தாண்டுப் புதுப்பிப்பு ஆகியவற்றைத் தனித்தனியாகக் குறித்த மதிப்பீடு கேளுங்கள். முதல் விண்ணப்பத்திலிருந்து 24-ஆம் மாதத்திலேயே கேட்டுவிடுங்கள். மொழிபெயர்ப்புக்கே சில வாரங்கள் பிடிக்கும்.