முன்பல் நன்றாக இருந்தும் சாப்பிடாத கினிப் பன்றி

எங்கள் கினிப் பன்றி திடீரென்று சாப்பாட்டை நிறுத்தியது. வெயில்தான் காரணம் என்று மின்விசிறி போட்டோம், தீவனத்தை மாற்றினோம். பலனில்லை. முதலில் பார்த்த மருத்துவர், முன்பல் நன்றாக இருக்கிறது என்று சொல்லி வயிற்றுக்கு மருந்து கொடுத்தார். அதுவும் கேட்கவில்லை.

ஆனால் அதற்குப் பசி இருந்தது. கொத்தமல்லியைப் பார்த்ததும் ஓடி வரும், வாயில் வைக்கும், லேசாக மென்றுவிட்டுக் கீழே போட்டுவிடும். தாடைக்கு அடியில் முடி எச்சிலில் நனைந்து ஒட்டிக் கிடந்தது. புழுக்கையும் சிறுத்துப் போயிருந்தது.

இதை வீடியோ எடுத்து, முயல், கினிப் பன்றி பார்த்துப் பழகிய வேறொரு மருத்துவரிடம் காட்டினேன். அவர் காது பார்க்கும் கருவியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டு பக்கமும் உள்நோக்கி வளர்ந்து, நாக்கின் மேல் பாலம் போல் வளைந்து நின்றன. பிறகு எப்படி விழுங்கும்? கினிப் பன்றிக்கு எல்லாப் பற்களும் ஆயுள் முழுக்க வளரும். புல்லை அரைத்து அரைத்துத்தான் தேய வேண்டும்.

மயக்க மருந்து கொடுத்து, வளர்ந்த பல்லைத் தேய்த்துக் குறைத்துவிட்டார். வீட்டில் தீவனத்தை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஊசியில்லாத சிரிஞ்சில், வாயின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினோம். இரவிலும்தான். இரை போகாவிட்டால் குடல் இயக்கமே நின்றுவிடும். வைட்டமின் சி அதன் உடலில் தயாராகாது என்பதால் குடைமிளகாயும் சேர்த்தோம். தானாகப் புல்லைக் கடித்த அன்றுதான் எங்களுக்கு உயிர் வந்தது.

இப்போது கூண்டில் உலர்புல் எப்போதும் இருக்கும். வாராவாரம் சமையலறைத் தராசில் எடை பார்க்கிறேன். உங்கள் கினிப் பன்றிக்கு எடை இறங்கினால் உடனே மருத்துவரிடம் கடைவாயைப் பார்க்கச் சொல்லுங்கள்.