குளிரவில்லை என்றதும் கேஸ் அடிக்காதீர்கள்: வீட்டு ஏர்கானில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூர் வீடுகளில் ‘சென்ட்ரல் ஏர்கான்’ என்று சொல்வது பெரும்பாலும் கடைகளில் ‘சிஸ்டம் 2’, ‘சிஸ்டம் 3’, ‘சிஸ்டம் 4’ என்று விற்பதைத்தான். ஏர்கான் திண்டில் ஒரே ஒரு வெளி யூனிட். அதிலிருந்து ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியே ஒரு சோடி செம்புக் குழாய். கம்ப்ரசரும் குளிரூட்டும் கேஸும் எல்லா அறைகளுக்கும் பொது. ஃபில்டர், காற்றைக் குளிர்விக்கும் காயில், அந்தக் காற்றை அறைக்குள் தள்ளும் புளோவர், தண்ணீர்த் தட்டு ஆகியவை அறைக்கு அறை தனி. இந்தப் பிரிவை மனத்தில் வைத்துக்கொண்டால் பல கோளாறுகள் எங்கிருந்து வருகின்றன என்பது ஆளைக் கூப்பிடும் முன்பே விளங்கிவிடும்.

கேஸ் தீர்ந்துவிட்டது என்று நம்புவது

அதிகப் பணம் வீணாவது இங்கேதான். ஏர்கான் கேஸ், பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகாது. மூடிய குழாய்க்குள் அதே கேஸ் ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் ‘டாப்-அப்’ செய்தால், அடித்த கேஸும் அதே ஓட்டை வழியாகப் போய்விடும்.

முதலில் எல்லா அறைகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஓர் அறை மட்டும் குளிரவில்லை, மற்றவை நன்றாகக் குளிர்கின்றன என்றால் கேஸ்மீது சந்தேகப்படுவதற்கு முன் பார்க்க வேண்டியவை வேறு: அந்த அறையின் ஃபில்டர், அழுக்கேறிய புளோவர், வெப்பத்தை உணரும் சென்சர், வெளி யூனிட்டில் அந்த அறைக்குப் போகும் கேஸைக் கட்டுப்படுத்தும் விரிவு வால்வு. எல்லா அறைகளும் ஒரே நேரத்தில் மந்தமானால்தான் வெளி யூனிட்டையும் கேஸையும் பார்க்க வேண்டும்.

காயிலில் ஐஸ் கட்டுவதைக் காட்டி “கேஸ் கம்மி” என்று சொல்வதும் வழக்கம். கேஸ் குறைந்தாலும் ஐஸ் கட்டும். ஆனால் ஃபில்டர் அடைத்து, காற்று போதுமான அளவுக்குக் காயிலைக் கடக்காவிட்டாலும் கட்டும். கேஸ் குறைவில் ஐஸ் பெரும்பாலும் மெல்லிய குழாய் காயிலுக்குள் நுழையும் பக்கம் மட்டும் படியும், மற்ற பகுதி வறண்டிருக்கும். காற்று குறைந்தால் காயில் முழுவதும் வெள்ளையாகப் படியும். ஐஸைக் கத்தியாலோ ஸ்குரூடிரைவராலோ சுரண்டாதீர்கள், காயிலில் ஓட்டை விழும். குளிர்விப்பை நிறுத்தி, காற்றாடி மட்டும் ஓடும் ‘ஃபேன்’ முறையில் இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். ஐஸ் கரைந்ததும் ஃபில்டரைக் கழுவிப் போட்டு மறுபடி பாருங்கள்.

கேஸ் உண்மையிலேயே குறைந்திருந்தால் சர்வீஸ்காரர் செய்ய வேண்டிய வரிசை இது. செம்புக் குழாயின் முனையை விரித்து நட்டு போட்டு இறுக்கிய ‘ஃபிளேர்’ இணைப்புகளில்தான் கசிவு அதிகம். அங்கே சோப்பு நுரை வைத்துப் பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் மீதிக் கேஸைச் சிலிண்டரில் எடுத்துவிட்டு, நைட்ரஜன் அடைத்து அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பழுதுபார்த்ததும் வாக்குவம் பம்ப் போட்டு, குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி, அழுத்தத்தை 500 மைக்ரானுக்குக் கீழே இறக்கி, பம்பை நிறுத்திய பிறகும் அது ஏறாமல் நிற்கிறதா என்று கவனிக்க வேண்டும். பிறகு தராசில் வைத்து எடைபோட்டுக் கேஸ் ஏற்ற வேண்டும். எவ்வளவு கிராம் என்பது வெளி யூனிட்டின் பக்கவாட்டு லேபிளிலேயே இருக்கும். குழாய் நீளமாக ஓடும் வீடுகளில் கூடுதலாக எவ்வளவு என்பதைத் தயாரிப்பாளரின் அட்டவணை சொல்லும். அழுத்தமானியை மட்டும் பார்த்து “ஓகே” சொல்வது இன்வெர்ட்டர் ஏர்கானில் பொருந்தாது. கம்ப்ரசர் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருப்பதால் அழுத்தமும் மாறிக்கொண்டே இருக்கும்.

ஃபிளேர் நட்டை முழு பலத்தோடு இறுக்குவதும் தவறு. கால் அங்குலக் குழாய்க்கு ஏறக்குறைய 14 முதல் 17 நியூட்டன் மீட்டர், 3/8 அங்குலத்துக்கு 33 முதல் 40 வரை போதும். அதற்கு மேல் இறுக்கினால் செம்பின் விளிம்பு விண்டு, ஆறு மாதம் கழித்துக் கசியத் தொடங்கும்.

எந்தக் கேஸ் என்பதும் முக்கியம். புவியை வெப்பமேற்றும் திறன் (கரியமில வாயுவை 1 என்று வைத்துக் கணக்கிடுவது) 750-ஐத் தாண்டும் கேஸ் கொண்ட வீட்டு ஏர்கான்களைச் சிங்கப்பூரில் 2022 அக்டோபர் 1 முதல் விற்பனைக்குக் கொண்டுவர முடியாது. அதனால் புதியவை பெரும்பாலும் ஆர்-32 (675). அதற்கு முன் வாங்கிய பல ஏர்கான்களில் ஆர்-410ஏ (ஏறக்குறைய 2,088). ஒன்றில் மற்றொன்றைக் கலக்கவே கூடாது. ஆர்-32 இலேசாகத் தீப்பற்றக்கூடியது. வேலை நடக்கும்போது சன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் விளக்கோ ஊதுபத்தியோ எரியக் கூடாது.

சர்வீஸ்காரர் சிலர் சொல்லும் இன்னொன்று, “கெப்பாசிட்டர் போச்சு, மாற்றணும்.” பழைய, இன்வெர்ட்டர் அல்லாத ஏர்கானில் அது நடக்கக்கூடியதே. இன்வெர்ட்டர் கம்ப்ரசரை ஓட்டுவது மின்னணுப் பலகை. மோட்டாரைக் கிளப்பிவிடும் அந்தப் பழைய பாணி ஸ்டார்ட் கெப்பாசிட்டர் அதற்குக் கிடையாது. கழற்றிய பொருளைக் காட்டச் சொல்லுங்கள்.

தண்ணீர் சொட்டுவதைத் துணி வைத்துச் சமாளிப்பது

நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். 9,000 பிடியூ குளிர்விக்கும் திறனுள்ள ஓர் உள் யூனிட், முழு வேகத்தில் ஓடும்போது மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரைக் காற்றிலிருந்து பிழிந்தெடுக்கும். இரவு முழுவதும் ஓடும் படுக்கையறையில் பல லிட்டர் தண்ணீர், கட்டைவிரல் பருமனுள்ள ஒரு பிவிசி குழாய் வழியாகக் குளியலறைக்கு வடிந்தாக வேண்டும். அந்த இருட்டிலும் ஈரத்திலும் நுண்ணுயிர்கள் தூசியைத் தின்று வளர்கின்றன. குழாயிலிருந்து வெளியே இழுத்தால், கஞ்சி ஆறி ஏடு கட்டியதுபோல் வழவழப்பான, பழுப்பு நிறக் கூழ் வரும். தண்ணீர் திரும்பி வந்து சுவரில் வழிய விரல்நுனி அளவுக் கூழே போதும்.

இதற்குச் செய்யும் தவறுகள் இரண்டு. ஒன்று, பிளீச்சை ஊற்றுவது. அதன் ஆவி, மேலே இருக்கும் அலுமினியத் தகடுகளையும் செம்பையும் அரிக்கும். இரண்டாவது, உள் யூனிட் பக்கமிருந்து அழுத்தக் காற்று அடிப்பது. பல வீடுகளில் இரண்டு மூன்று அறைகளின் வடிகுழாய்கள், குழாய்களை மூடி மறைக்கும் டிரங்கிங்குக்குள் ஒன்றாகச் சேர்ந்துதான் வெளியேறுகின்றன. ஓர் அறையில் ஊதினால் அழுக்கு அடுத்த அறையின் தட்டுக்குள் போய் நிற்கும். சில நேரம் ஒட்டுப் போட்ட மூட்டு கழன்று பொய்க்கூரைக்குள் ஒழுகும்.

ஊதாதீர்கள், உறிஞ்சுங்கள். தண்ணீரையும் உறிஞ்சும் வகை வாக்குவம் கிளீனரின் வாயை, குளியலறையில் வடிகுழாய் முடியும் இடத்தில் வைத்து, இடைவெளியை ஈரத்துணியால் சுற்றி இரண்டு நிமிடம் ஓட்டினால் கூழ் வெளியே வந்துவிடும். பிறகு தண்ணீர்த் தட்டில் அரை லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றி, அது தடையில்லாமல் குளியலறைக்கு வருகிறதா என்று பாருங்கள். உடனே வராமல் இழுத்து இழுத்து வந்தால் அடைப்பு மீதி இருக்கிறது, அல்லது குழாயின் சரிவு கெட்டிருக்கிறது. ஒரு மீட்டருக்குக் குறைந்தது ஒரு சென்டிமீட்டர் இறக்கம் வேண்டும். தட்டில் தேங்கினால் கொசுவும் வரலாம். டெங்கி பரவும் ஊரில் இதை அலட்சியப்படுத்தக் கூடாது.

சொட்டும் இடம் உள் யூனிட்டாக இல்லாமல் டிரங்கிங்காக இருந்தால் அடைப்பைத் தேடிப் பயனில்லை. அங்கே பெரும்பாலும் குழாயைச் சுற்றியிருக்கும் கறுப்பு நுரை உறை கிழிந்தோ நசுங்கியோ போய், குளிர்ந்த செம்பின் மேல் காற்றின் ஈரம் வியர்த்துச் சொட்டுகிறது. உறையைத்தான் மாற்ற வேண்டும்.

ஃபில்டரை மறப்பது, புளோவரைப் பார்க்காமலே இருப்பது

தினமும் ஓடும் அறையில் ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்ற வேண்டும். முதலில் தூசியை வாக்குவத்தால் இழுத்துவிட்டு, தூசி படிந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமிருந்து தண்ணீர் விட வேண்டும். 40 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீர் வேண்டாம், சட்டம் வளைந்து யூனிட்டில் உட்காராது. வெயிலில் காயவைத்தாலும் அப்படியே, நிழல் போதும். ஈரத்தோடு திரும்பப் போட்டால் பூசணம் பிடிக்கும்.

நம் வீடுகளுக்கென்று ஒரு பிரச்சினை உண்டு. வெள்ளிக்கிழமை சாம்பிராணி, தினசரி ஊதுபத்தி, தாளிப்புப் புகை. சாம்பிராணி மரப்பிசின், அதன் புகை குளிர்ந்த காயிலில் பட்டதும் மெல்லிய பசைபோல் ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் தூசி விழுந்தால் தண்ணீர் விட்டாலும் போகாது. சாமி அறையும் வரவேற்பறையும் ஒன்றாக இருக்கும் வீடுகளில் புகை போடும்போதும், தீபாவளிக்கு முறுக்கு சுடும் நாள்களிலும், ஏர்கானை நிறுத்திச் சன்னல்களைத் திறந்துவையுங்கள். புகை அடங்கி அரை மணி நேரம் கழித்துப் போடலாம். வீட்டுச் சீரமைப்பின்போது சுவர் தேய்க்கும் தூசிக்கும் இதே விதி, யூனிட்டையும் பிளாஸ்டிக் தாளால் மூடிவிட வேண்டும்.

புகைமூட்டக் காலத்தில் இரவும் பகலும் சன்னலை மூடி ஏர்கானை ஓட்டுகிறோம். 2013 ஜூனில் காற்றுத் தரக் குறியீடு 401-ஐத் தொட்டபோது ஊரே அப்படித்தான் இருந்தது. சாதாரண ஏர்கான் ஃபில்டர் பெரிய தூசியைத்தான் பிடிக்கும், பிஎம் 2.5 நுண்துகளைப் பிடிக்காது. அதற்குத் தனிக் காற்றுச் சுத்திகரிப்பான் வேண்டும்.

ஃபில்டர் சுத்தமாக இருந்தும் காற்று மெலிந்திருந்தால், யூனிட்டை நிறுத்திவிட்டு, காற்று வரும் வாய்க்குள் கைப்பேசி விளக்கை அடித்துப் பாருங்கள். உருளைபோல் தெரிவது புளோவர். அதன் இதழ்கள் ஒவ்வொன்றும் கரண்டிபோல் உள்வளைந்திருக்கும். காற்றை அள்ளுவது அந்த வளைவுதான். அதில் கறுப்பாகத் தூசியும் பூசணமும் நிரம்பியிருந்தால் அள்ள இடமே இல்லை. ஏர்கான் போட்டதும் வரும் புளித்த வாடையும் இங்கிருந்துதான் வருகிறது.

கடையில் விற்கும் ‘கழுவத் தேவையில்லை’ வகை ஸ்பிரேயை இதன்மேல் அடிப்பது நிலைமையை மோசமாக்கும். கரைந்த அழுக்கு தட்டில் இறங்கி, சில நாளில் வடிகுழாயை அடைக்கும். மோட்டாரிலும் மின்பலகையிலும் ஈரம் ஏறினால் செலவு பன்மடங்கு.

எப்போதும் கெமிக்கல் வாஷ், அல்லது ஒருபோதும் இல்லை

சாதாரண சர்வீஸ் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை போதும். கெமிக்கல் வாஷ் என்பது யூனிட்டைச் சுவரில் வைத்தே காயிலையும் புளோவரையும் இரசாயனத்தால் கழுவுவது. ‘ஓவர்ஹால்’ என்றால் கேஸை வெளி யூனிட்டுக்குள் அடைத்துவிட்டு, உள் யூனிட்டையே இறக்கிப் பிரித்துக் கழுவுவது. ஒவ்வொரு முறையும் கெமிக்கல் கேட்டால் அலுமினியத் தகடுகளின் மேல்பூச்சு கரைந்து, தகடு பொடியத் தொடங்கும். விளக்கை அடித்துப் பார்த்து அழுக்கு இருந்தால் கேளுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். கழுவிய பிறகு தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசுகிறார்களா என்று நின்று பாருங்கள். ஓவர்ஹால் செய்தால் மறுபடி வாக்குவம் போட வேண்டும். கேஸைக் கொஞ்சம் திறந்துவிட்டுக் காற்றை விரட்டுவது குறுக்குவழி.

16 டிகிரியில், குறைந்த காற்றில் ஓட்டுவது

16-இல் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்பது தவறு. 16-இல் வைத்தாலும் 25-இல் வைத்தாலும், அறை 25 டிகிரியை எட்டும்வரை ஏறக்குறைய ஒரே வேகம்தான். அதைவிடப் பெரிய கெடுதல், 16 டிகிரியோடு காற்றாடியை மிகக் குறைவாக வைப்பது. காயிலும் காற்று வரும் வாயும் அளவுக்கு மீறிக் குளிர்ந்து, வெளிவாயில் வியர்வை கோத்துச் சொட்டும். பூசணத்துக்கும் அது பிடித்த இடம். தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்லும் 25 டிகிரியும், காற்றாடிக்கு ‘ஆட்டோ’வும், கூடவே ஒரு மின்விசிறியும் போதும். காலையில் நிறுத்துவதற்கு முன் ‘ஃபேன்’ முறையில் அரை மணி நேரம் ஓட்டிக் காயிலை உலர்த்துங்கள். யாரும் தங்காத அறையின் யூனிட்டையும் வாரம் ஒருமுறை ஓட்டுங்கள்.

வெளி யூனிட்டைக் கண்ணில் படாததால் மறப்பது

வெளி யூனிட் வெப்பத்தை வெளியேற்றத் தவித்தால் எல்லா அறைகளும் சேர்ந்து மந்தமாகும். அதன் முன்னால் பூந்தொட்டி, துணி, பெட்டி எதுவும் வேண்டாம். மைனா கூடு கட்டும். பல்லி மின்பலகையில் ஏறிக் குறுக்குமின்சுற்று உண்டாக்கும். இவற்றையெல்லாம் சன்னலுக்குள் இருந்தபடி பார்த்தால் போதும், திண்டில் ஒருபோதும் கால் வைக்காதீர்கள். அங்கே யூனிட்டைப் பொருத்துபவர் கட்டட, கட்டுமான ஆணையத்தின் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். சுவரில் தொங்கும் யூனிட் என்றால் தாங்கியில் துரு இருக்கிறதா என்று கேட்டறியுங்கள். அது கீழே நடப்பவர்களின் உயிர்ப் பிரச்சினை.

யூனிட் நின்று விளக்கு மினுக்கினால் உடனே ஐசொலேட்டரை (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை) அணைத்துவிடாதீர்கள். முதலில் பிழைக் குறியீட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். டைக்கின் ரிமோட்டுகள் பலவற்றில் ‘கேன்சல்’ பொத்தானை ஐந்து விநாடி அழுத்தினால் அது தெரியும்: யு0 கேஸ் குறைவு, யு4 உள், வெளி யூனிட்டுகளுக்கிடையே தகவல் தொடர்பு அறுந்தது. யு4 வந்த வீட்டில் கேஸ் அடித்துப் பயனில்லை.

ஆள் போன பிறகு சோதிப்பது

சர்வீஸ்காரர் கிளம்புவதற்கு முன்பே ஒவ்வோர் அறையையும் தனித்தனியே 18 டிகிரியில், காற்றாடியை அதிகத்தில் வைத்து 15 நிமிடம் ஓட்டுங்கள். சமையல் வெப்பமானியால் யூனிட்டுக்குள் நுழையும் காற்றையும் வெளிவரும் காற்றையும் அளந்தால் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாக ஓட்டிப் பார்த்தால் ஒரு தவறு மறைந்துவிடும்: ஓவர்ஹாலுக்குப் பின் இரண்டு அறைகளின் வயர்களோ குழாய்களோ இடம் மாறியிருப்பது. அப்போது நடு அறையைப் போட்டால் பெரிய அறையின் காயில் குளிரும்; புளோவர் ஓடாத அந்தக் காயிலில் ஐஸ் கட்டி, நள்ளிரவில் கட்டிலின் மேல் சொட்டும். ரசீதில் எந்தக் கேஸ், எத்தனை கிராம், எந்த அறையில் என்ன வேலை என்று எழுதி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.