பைதானில் லாக் செய்திகளைத் தரம் பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரானில் (குறித்த நேரத்தில் புரோகிராமைத் தானாக இயக்கும் கருவி) ஓடும் புரோகிராம்களுக்கு ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஸ்டாண்டர்ட் அவுட்புட்டைக் கோப்புக்குத் திருப்பிவிட்டு, ஸ்டாண்டர்ட் எரரில் வருவதை மட்டும் மெயிலுக்கு விட்டுவிடுவார்கள். லாக்கைச் சரியாகப் பிரிக்காவிட்டால் "வேலை முடிந்தது" என்ற தகவலுக்கும் தினமும் மெயில் வரும். கொஞ்ச நாளில் அந்த மெயிலை யாரும் திறக்கமாட்டார்கள். உண்மையான பிழை அதற்குள் கிடக்கும்.

இதற்குப் பெரும்பாலும் காரணம், லாக் செய்தியை வெளியே எழுதும் ஸ்ட்ரீம் ஹேண்ட்லரை எந்த ஸ்ட்ரீம் என்று சொல்லாமல் உருவாக்குவதுதான். சொல்லாவிட்டால் அது ஸ்டாண்டர்ட் எரரில்தான் எழுதும்.

சரி, ஸ்டாண்டர்ட் அவுட்புட்டுக்கு ஒன்று, ஸ்டாண்டர்ட் எரருக்கு ஒன்று என இரண்டு ஹேண்ட்லர் வைத்து, முதலாவதற்கு இன்ஃபோ, மற்றதற்கு வார்னிங் என்று லெவல் கொடுத்தாயிற்று. இப்போது பிழைச் செய்தி இரண்டு பக்கமும் வரும். லெவல் என்பது கீழ் வரம்பு மட்டுமே. டீபக் 10, இன்ஃபோ 20, வார்னிங் 30, எரர் 40, கிரிட்டிகல் 50. இன்ஃபோ என்று வைத்தால் 20-ம் அதற்கு மேற்பட்ட எல்லாமும் உள்ளே வரும். மேல் வரம்பு வேண்டுமென்றால் ஃபில்டர்தான் வழி. ரெக்கார்டின் லெவல் எண் 30-க்குக் குறைவா என்று மட்டும் பார்க்கும் ஒரு வரி ஃபங்ஷன் போதும், பைதான் 3.2 முதல் இதற்குத் தனி கிளாஸ் தேவையில்லை. "20-க்குச் சமமா" என்று எழுதாதீர்கள். டீபக்கை இயக்க வேண்டிய நாளில் அது எங்கேயும் வராது.

அந்த ஃபில்டரை லாகரில் (செய்தியைப் பெற்று ஹேண்ட்லர்களுக்கு அனுப்புவது) மாட்டுவது அடுத்த தவறு. அங்கே மாட்டினால் பிழைச் செய்தி எந்த ஹேண்ட்லரையும் எட்டாமல் நின்றுவிடும். அதே சமயம், கீழ்நிலை லாகர்களிலிருந்து மேலே வரும் செய்திகளை அந்த ஃபில்டர் கண்டுகொள்ளவே செய்யாது. அதனால் ஃபில்டரை ஸ்டாண்டர்ட் அவுட்புட் ஹேண்ட்லரிலேயே மாட்டுங்கள்.

ஹேண்ட்லரை டீபக்கில் வைத்தும் ஒன்றும் வரவில்லையா? எல்லா லாகர்களுக்கும் மேலே இருக்கும் ரூட் லாகர் இயல்பாகவே வார்னிங்கில் இருக்கும். முதல் சோதனை லாகரில்தான் நடக்கிறது.

ஒரே வரி இரண்டு தடவை வந்தால், மாட்யூல் லாகரிலும் ரூட்டிலும் ஹேண்ட்லர் இருக்கிறதா என்று பாருங்கள். புரோகிராம் தொடங்கும் இடத்தில், ரூட்டில் மட்டும் ஹேண்ட்லர்களை வைப்பதே என் கட்சி. அப்புறம், ரூட்டில் ஏற்கெனவே ஹேண்ட்லர் இருந்தால் பேசிக்கான்ஃபிக் (லாக்கை ஒரே அழைப்பில் அமைக்கும் ஃபங்ஷன்) சத்தமில்லாமல் ஒன்றும் செய்யாது, பழையதை நீக்கிவிட்டு அமைக்க பைதான் 3.8 முதல் ஃபோர்ஸ் என்ற ஆப்ஷன் இருக்கிறது.

டெர்மினலில் பார்த்துச் சரி என்று முடிவு செய்யாதீர்கள், இரண்டு ஸ்ட்ரீமும் அங்கே ஒன்றாகத்தான் தெரியும். ரூட்டையும் ஸ்டாண்டர்ட் அவுட்புட் ஹேண்ட்லரையும் டீபக்கில் வைத்து, இரண்டு ஸ்ட்ரீமையும் தனித்தனிக் கோப்புக்குத் திருப்பி, ஐந்து லெவலிலும் ஒவ்வொரு செய்தி எழுதிப் பாருங்கள். ஸ்டாண்டர்ட் அவுட்புட் கோப்பில் இரண்டு வரியும், மற்றதில் மூன்று வரியும் இருக்க வேண்டும்.