சிம்னியைப் பார்த்துவிட்டு பேனலுக்குப் போங்கள்

நிலக்கரி அனல்மின் நிலையத்தில் இருபத்தெட்டு வருடம் ஷிஃப்ட் பார்த்தவன் நான். புகையிலுள்ள சாம்பல் தூசியை மின்சாரத்தால் தகடுகளில் ஒட்டவைத்துப் பிடிக்கும் கருவிதான் ஈ.எஸ்.பி.; அதைப் பார்த்துக்கொள்ள வந்த புதியவர்களுக்கு இது. கன்ட்ரோல் ரூமுக்குள் நுழைவதற்கு முன், வெளியே நின்று சிம்னியை ஒரு நிமிடம் அண்ணாந்து பாருங்கள்.

குளிர்ந்த விடியலில் வெள்ளையாகக் கிளம்பி, கொஞ்ச தூரத்திலேயே கரைந்துபோனால் அது நீராவி. விட்டுவிடலாம். கறுப்பாக வந்தால் கரி சரியாக எரியவில்லை. ஈ.எஸ்.பி.யைத் திட்டாமல் பாய்லர் ஆக்சிஜனையும், கரியைப் பொடிக்கும் மில்லில் கரித்தூள் எவ்வளவு நைசாக வருகிறது என்பதையும் பாருங்கள். எண்ணெய் ஊற்றி பாய்லரைப் பற்றவைக்கும்போதும் (லைட்-அப்) கறுப்புதான். அதற்குப் பயந்து அவசரமாக ஃபீல்டுகளை, அதாவது புகை ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கும் ஈ.எஸ்.பி.யின் பிரிவுகளை, சார்ஜ் செய்துவிடாதீர்கள், எரியாத எண்ணெய் தகடுகளில் படிந்து தீப்பிடிக்கும்.

சாம்பல் நிறத்தில், கலையாமல் நீண்டுகொண்டே போகிறதா? அது நம் வேலை.

விட்டுவிட்டுக் குபுக்கென்று வந்தால் கடிகாரத்தைப் பிடித்து இடைவெளியைக் குறியுங்கள். பெரும்பாலும் கடைசி ஃபீல்டு ராப்பரின் (தகட்டைத் தட்டிச் சாம்பலை உதிர்க்கும் சுத்தியல்) நேரத்தோடு ஒத்துப்போகும். முதல் ஃபீல்டில்தான் சாம்பல் அதிகம் சேரும், அதை அடிக்கடி தட்டலாம். கடைசியை எப்போதாவது தட்டினால் போதும். இரண்டையும் ஒரே நேரத்தில் தட்டவே கூடாது.

புகை இடைவிடாமல் வந்தால் பேனலில் கே.வி.யையும் (வோல்டேஜ்) மில்லியாம்பையும் (கரன்ட்) சேர்த்துப் படியுங்கள். நம் நாட்டுக் கரியில் சாம்பல் முப்பது, நாற்பது சதவீதம், கந்தகமோ சொற்பம். அதனால் சாம்பலின் மின்தடை அதிகம். தகட்டில் படிந்த சாம்பலுக்குள்ளேயே மின்சாரம் வெடித்து, பிடித்த தூசியைத் திரும்பத் தள்ளும். பேக் கொரோனா என்பார்கள். அடையாளம் இதுதான்: கரன்ட் ஏறும், வோல்டேஜ் ஏறாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் எல்லா ஃபீல்டிலும் கரன்டை உச்சத்துக்கு ஏற்றிவிட்டு, புகை இன்னும் அடர்த்தியானதைப் பார்த்து முழித்திருக்கிறேன். குறைக்க வேண்டும், ஐயா! இல்லையென்றால் மின்சாரம் விட்டுவிட்டுப் போகும்படி சார்ஜ் ரேஷியோவை மாற்றுங்கள். ஏர் ஹீட்டரை (புகையின் சூட்டில் காற்றைச் சூடாக்கும் கருவி) தாண்டிய புகையில் 150 டிகிரியை ஒட்டி வெப்பம் இருந்தால் மின்தடை இன்னும் மோசம், அதையும் கவனியுங்கள்.

2015 டிசம்பர் அறிவிக்கையின்படி புகையில் ஒரு கன மீட்டருக்கு இருக்கலாம் என்ற தூசி வரம்பு, 2003 முடிவதற்குள் வந்த யூனிட்டுக்கு 100 மில்லிகிராம், 2016 வரை வந்தவற்றுக்கு 50, அப்புறம் வந்தவற்றுக்கு 30. பழைய யூனிட்டில் இந்த அளவைப் பிடிக்க, ஒரு ஃபீல்டைக்கூட இழக்கக் கூடாது.

ஃபீல்டு போவது பெரும்பாலும் ஹாப்பர் (உதிர்ந்த சாம்பல் சேரும் அடித்தொட்டி) நிரம்பித்தான். சாம்பல் எலக்ட்ரோடைத் தொட்டதும் வோல்டேஜ் சரிந்து டிரிப் ஆகும். ஹாப்பர் ஹீட்டர் வேலை செய்கிறதா என்று கையால் தொட்டுக்கொண்டிருக்காமல், ஷிஃப்டுக்கு ஒருமுறை மீட்டரில் பாருங்கள். அடைத்த ஹாப்பரைத் திறந்து கம்பியால் குத்தும்போது நேர் எதிரே நிற்காதீர்கள். சூடான சாம்பல் தண்ணீர் மாதிரி பாயும்.